ஆப்பீஸ் படிக்கட்டும் பாரிஸ் படிக்கட்டும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆப்பீஸில் இருந்து தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு இறங்குவதற்குக் கருங்கற்படிகள் 14 இருந்தன. இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாப் பக்கத்தில் ஜூன் மாத மழை தொடங்கிவிட்டால் அந்தப் படிகளில் பாசி ஏறிவிடும். ஆகையால் அப்பாயி, என் அப்பாவின் அம்மா, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகவே இறங்குவார். அன்று அவர் பறித்த கொழுந்தில் ஈரத்துக்கென்று ஒரு பங்கைக் கழித்துவிட்டு, மிஞ்சியது அளவுக்குக் குறைவு என்று சொல்லி அரைப்பேர் போட்டிருந்தார்கள். மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம்: செக்ரோலில், அதாவது வேலைப் பதிவேட்டில், ஒரு நாள் வேலை என்பது ஒரு பேர். குறித்த அளவு கொழுந்து எடுத்தால் முழுப்பேர், எடுக்காவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் என்பதால் அப்பாயி என்னையும் ஆப்பீஸுக்குக் கூட்டிப் போயிருந்தார். "பாதி வேலைக்குப் பாதிப் பேருதான்" என்றார் கிளாக்கர் ஐயா. அப்பாயி பதில் எதுவும் சொல்லாமல், தலையில் போட்டிருந்த கம்பளியைச் சரிசெய்துகொண்டு திரும்பி நடந்தார்.

ஒன்பதாவது படியில் நின்றார். "மழ முழுசாத்தானேடா பெஞ்சிச்சு. நா என்னா பாதியாவா நனஞ்சேன்? இத அங்கயே கேட்டிருக்கணும்" என்றார். மறுபடியும் மேலே ஏறுவாரோ என்று பார்த்தேன். ஏறவில்லை.

அன்று முதல் எங்கள் வீட்டில் அது ஒரு வழக்காகவே ஆகிவிட்டது. காலம் கடந்து நாக்கில் வந்து நிற்கும் சரியான பதிலுக்கு, "ஆப்பீஸ் படியில வந்த பேச்சு" என்போம். என் அம்மாவும் சித்தப்பாவும் இன்றும் அப்படியே சொல்கிறார்கள்.

நான் பயணிகளுக்கு வழிகாட்டியாகத் தொழில் செய்கிறவன். வார இறுதிகளில் கண்டிக்குப் பஸ் ஏறி, அலியான்ஸ் பிரான்சேஸில் கற்றுக்கொண்ட பிரெஞ்சு மொழிதான் இன்று எனக்குச் சோறு போடுகிறது. அந்த மொழியில் இதே பொருளுக்கு ஒரு மரபுத்தொடர் உண்டு: 'எஸ்ப்ரி த லெஸ்காலியே', அதாவது படிக்கட்டின் மதிநுட்பம். நூலகத்தில் முதன்முதலாக அதை வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அறிஞர்கள் கூடியிருந்த பாரிஸ் விருந்து மண்டபத்துக்கும் எங்கள் ஆப்பீஸுக்கும் நடுவே ஒரே படிக்கட்டு இறங்கி வந்திருக்கிறதே என்று தோன்றியது.

இத்தொடரின் வேர் 18ஆம் நூற்றாண்டு எழுத்தாளரான டெனி டிடரோவிடம் இருக்கிறது. நடிகனின் கலையைப் பற்றி அவர் 1770களில் எழுதி, அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1830இல் அச்சேறிய ஓர் உரையாடல் நூலில், தம் அனுபவம் ஒன்றைக் குறிப்பிடுகிறார். பின்னாளில் பிரெஞ்சு அரசின் நிதிப் பொறுப்பை ஏற்ற நெக்கேரின் வீட்டு விருந்தில், மார்மொந்தெல் என்ற எழுத்தாளர் சொன்ன ஒரு மறுமொழி டிடரோவை வாயடைக்க வைத்துவிடுகிறது. தன்னைப் போல் உணர்ச்சிவசப்படுகிறவன் எதிராளியின் சொல்லிலேயே மூழ்கிப்போய்த் தலை தடுமாறுகிறான் என்றும், படிக்கட்டின் அடிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் தன்னிலை அடைகிறான் என்றும் அவர் எழுதினார். அக்காலத்துப் பெரிய வீடுகளில் விருந்தினரை வரவேற்கும் அறைகள் மேல்மாடியில் இருந்தன. படிக்கட்டின் அடிக்கு வந்துவிட்டால் வீட்டை விட்டு வெளியேறியதாகவே பொருள். பதில் வந்தும் பயனில்லை. டிடரோ இந்த மரபுத்தொடரை இன்று வழங்கும் வடிவில் எழுதவில்லை. அவர் காட்டிய அந்த நிலையைப் பிடித்துக்கொண்டு பிறகு மற்றவர்கள் உருவாக்கியதுதான் அது.

பின்னர் இத்தொடர் எல்லை தாண்டியது. ஜெர்மானியர் அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'ட்ரெப்பன்விட்ஸ்' என்றனர். ட்ரெப்ப என்றால் படிக்கட்டு. விட்ஸ் என்ற சொல்லுக்கு முன்பு மதிநுட்பம் என்ற பொருள் வலுவாக இருந்தது; காலப்போக்கில் அது நகைச்சுவைத் துணுக்கைக் குறிக்கும் சொல்லாகச் சுருங்கிப்போக, படிக்கட்டுத் தொடரும் அதனுடன் சேர்ந்து நகர்ந்தது. இன்று ஜெர்மன் செய்தித்தாள்களில் அச்சொல் பெரும்பாலும் வரலாறு செய்த விபரீத வேடிக்கை என்ற பொருளில் வருகிறது. ஆங்கிலமோ 'ஸ்டேர்கேஸ் விட்' என்று பெயர்த்தும் வைத்துக்கொண்டது, பிரெஞ்சு வடிவத்தை அப்படியே எழுதவும் எழுதுகிறது.

ஒரு மரபுத்தொடர் வேற்று மொழிக்குள் நுழைவதற்கு இந்த இரு வாசல்களும் எப்போதும் உண்டு. ஒன்று, உடையைக்கூட மாற்றாமல் அப்படியே வருவது. எமில் புவாராக் என்ற பிரெஞ்சு மெய்யியலாளர் 1876இல் எழுதிய 'தேஜா வூ' இன்று உலகம் முழுவதும் அதே ஒலியில் வழங்குகிறது. அட்டனிலும் நுவரெலியாவிலும் அச்சடிக்கும் கல்யாண அழைப்பிதழ்களின் ஆங்கிலப் பக்கத்தில் 'ஆர்.எஸ்.வி.பி.' என்ற நான்கு எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். 'தயவுசெய்து பதில் தாருங்கள்' என்ற பிரெஞ்சு வாக்கியத்தின் முதலெழுத்துகள் அவை. தமிழ்ப் பக்கத்தில் அவற்றுக்கு ஈடாக எதையும் நான் கண்டதில்லை. வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கும் வழக்கத்தில், தட்டில் இருந்து வெற்றிலையை எடுப்பதே பதில். பிறகு எழுதிக் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

மற்ற வாசல், மேலே மெல்லிய தாளை வைத்து அடியில் உள்ள கோட்டை வரைந்தெடுப்பது போன்றது. மொழியியலாளர் இதனைக் 'கால்க்' என்கிறார்கள். பிரெஞ்சு மொழியில் அதற்கு அப்படி வரைந்தெடுத்த படி என்றே பொருள். இதில் ஓர் அழகு உண்டு. ஆங்கிலத்தில் 'கால்க்' என்பது அப்படியே வாங்கிய கடன்சொல். கடன்சொல்லைக் குறிக்கும் 'லோன்வேர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லோ ஜெர்மனிலிருந்து வரைந்தெடுத்தது. இரண்டும் தத்தம் பெயரை மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்கின்றன.

நாம் அன்றாடம் பேசும் தமிழில் இப்படி வரைந்தெடுத்தவை ஏராளம். 'இடதுசாரி' என்பதை எடுத்துக்கொள்வோம். 1789இல் பிரெஞ்சு தேசிய மன்றத்தில், மன்னனுக்கு மறுப்பாணை அதிகாரம் வேண்டும் என்றவர்கள் தலைவரின் வலப்பக்கத்திலும், வேண்டாம் என்றவர்கள் இடப்பக்கத்திலும் அமர்ந்தார்கள். நாற்காலி போட்ட இடம் அரசியல் கொள்கையின் பெயராயிற்று. அந்தப் பெயர் ஐரோப்பா முழுவதும் சுற்றி, ஆங்கிலத்தின் தோளேறி இலங்கைக்கு வந்து, 1935இல் இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சி தோன்றிய பிறகு தோட்டங்களுக்குள்ளும் நுழைந்தது. முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்த வரலாற்றை, இச்சொல் இல்லாமல் இன்று நம்மால் சொல்ல முடியாது. இத்தனைக்கும் இதை அயற்பொருளாக யாரும் உணர்வதில்லை. காரணம், வலசாரி, இடசாரி என்று வலமும் இடமுமாகச் சுற்றிவரும் நடையைக் குறிக்கும் சொற்கள் தமிழில் முன்பே இருந்தன. வந்த விருந்தாளிக்குத் தயாராக ஒரு பாய் விரித்துக் கிடந்தது.

'மூன்றாம் உலகம்' அவ்வளவு நல்ல பாயில் அமரவில்லை. அல்பிரெட் சோவி என்ற பிரெஞ்சு மக்கள்தொகை அறிஞர் 1952 ஆகஸ்ட் 14ஆம் திகதி ஒரு வார இதழில் எழுதிய கட்டுரையில் அத்தொடர் பிறந்தது. அவர் கையாண்ட 'தியேர்' என்ற சொல் மூன்றாவது என்பதற்குரிய வழக்கமான பிரெஞ்சுச் சொல் அன்று, பழைய வடிவம். அதைக் கேட்ட மாத்திரத்தில், புரட்சிக்கு முன்னைய பிரான்சில் குருமாருக்கும் பிரபுக்களுக்கும் அடுத்ததாக வைக்கப்பட்டிருந்த பொதுமக்கள் பிரிவு, அதாவது 'தியேர் எத்தா', பிரெஞ்சுக்காரர்களுக்கு நினைவில் வந்துவிடும். புறக்கணிக்கப்பட்டு, சுரண்டப்பட்டு, இகழப்பட்ட இந்த உலகமும் அந்தப் பொதுமக்களைப் போலவே தானும் ஏதேனும் ஒன்றாக இருக்க விரும்புகிறது என்றுதான் சோவி தம் கட்டுரையை முடித்தார். எழுச்சியின் குரல் அது. தமிழில் 'மூன்றாம்' என்று வந்ததும் பலருக்கு மூன்றாந்தரம் என்றே காதில் விழுகிறது. எண் வந்து சேர்ந்தது. எண்ணுக்குள் இருந்த வரலாறு வழியிலேயே இறங்கிவிட்டது.

இரண்டு பொருள் உள்ள ஒரு சொல்லை மொழிபெயர்க்கும்போது ஒன்று மட்டும் கரை சேர்வதற்கு ரஷ்ய மொழியில் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. மனம் ஒரு நிலையில் இல்லை, ஏனோ சரியில்லை என்பதற்குப் பிரெஞ்சுக்காரர், ஒருவர் தம் 'அஸியெத்'தில் இல்லை என்பார்கள். அமர்த்துதல் என்ற பொருளுள்ள வினையோடு உறவுடைய அச்சொல், குதிரைமேல் ஒருவர் அமர்ந்திருக்கும் நிலையையும் அதன்வழி மனத்தின் நிலையையும் குறிக்கும். உணவு மேசையில் வைக்கும் தட்டுக்கும் அதே பெயர்தான். ரஷ்யப் பிரபுக்களின் வீடுகளில் பிரெஞ்சு புழங்கிய காலத்தில், யாரோ தட்டைப் பிடித்துக்கொண்டு நிலையை விட்டுவிட்டார்கள். கிரிபயேதவ் 1824இல் முடித்த நகைச்சுவை நாடகத்திலேயே ஒரு பாத்திரம் இன்னொருவரைப் பார்த்து, "நீ உன் தட்டில் இல்லை" என்று சொல்கிறது. தவறு என்று தெரிந்தும் அம்மொழி அதைக் கைவிடவில்லை. இன்றும் சங்கடத்தில் இருக்கும் ரஷ்யர் தம் தட்டில் இல்லை என்றே சொல்கிறார்.

ஆங்கிலத்திலும் இப்படி ஒன்று உண்டு. முகத்துதி செய்து காரியம் சாதிப்பதை ஆங்கிலத்தில் 'கறி ஃபேவர்' என்பார்கள். நம் கறிக்கும் அதற்கும் தொடர்பில்லை. குதிரையைத் தேய்த்துவிடுவதைக் குறிக்கும் பழைய பிரெஞ்சு வினை அது. 1310களில் பிரான்சில் எழுதப்பட்ட ஓர் அங்கதக் கவிதையில் ஃபோவெல் என்றொரு குதிரை வருகிறது. முகத்துதி, பேராசை முதலான ஆறு தீக்குணங்களின் முதலெழுத்துகளைக் கோத்துச் செய்த பெயர். அரசர்களும் குருமாரும் வரிசையில் நின்று அதன் உடம்பைத் தேய்த்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் அக்குதிரையை அறியாதவர்கள் 'ஃபோவெல்' என்பதைச் சலுகை என்ற பொருளுள்ள 'ஃபேவர்' ஆக்கிவிட்டார்கள். நம்மிடமும் கால் கை பிடித்தல்தான் காக்காய் பிடித்தல் ஆயிற்று என்று சொல்வதுண்டு. குதிரையோ காக்கையோ, காது தனக்குத் தெரிந்த பிராணியையோ பொருளையோ தேடிக்கொள்கிறது.

இவற்றையெல்லாம் சொல்வது அரைப்பேருக்குத் திரும்புவதற்காகத்தான். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் எங்கள் மொழியில் இருந்து சொற்களை எடுத்திருக்கிறார்கள். பெரிய துரை, சின்னத் துரை, கங்காணி ஆகியவற்றை ஒலி மாறாமல் தங்கள் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார்கள். பேரை மட்டும் பெயர்த்தார்கள். அரைப்பேர், 'ஹாஃப் நேம்' ஆயிற்று. ஆனால் தமிழில் பேர் என்பது பெயர் மட்டுமா? பத்துப் பேர் வந்தார்கள் என்கிறோம். அங்கே பேர் என்றால் ஆள். அரைப்பேர் போட்டார்கள் என்று கேட்கும் தமிழ்க் காதில் அரைச் சம்பளம் விழுகிறது, பாதி எழுதிய பெயர் விழுகிறது, பாதி ஆளும் விழுகிறார். ஆங்கிலத்துக்குப் போனபோது அந்த ஆள் விடுபட்டுப்போனார். ரஷ்யருக்குத் தட்டு மிஞ்சியது போல, துரைமாருக்குப் பெயர் மிஞ்சியது. படியில் நின்று நான் பாதியாகவா நனைந்தேன் என்று கேட்ட என் அப்பாயி, விடுபட்ட அந்தப் பொருளைத்தான் கேட்டார் என்று இப்போது எனக்குப் புரிகிறது.

பிரெஞ்சில் இருந்து எங்கள் லயங்களுக்கு வந்த தனிச்சொற்களும் உண்டு, எல்லாம் ஆங்கிலத்தின் கைமாறி வந்தவை. விடியற்காலையில் ஆட்களைத் திரட்டி வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டு, 'பரேட்' என்பதன் மலையக உருவம். பங்கீட்டுக் கூப்பன் அரிசியில் வளர்ந்த தலைமுறைக்குக் கூப்பனை விளக்க வேண்டியதில்லை. வெட்டுதல் என்ற பொருளுள்ள பிரெஞ்சு வினையில் இருந்து வந்த அச்சொல்லுக்கு வெட்டிய துண்டு என்று பொருள். துண்டு என்று எழுதும்போது எனக்கு இன்னொன்று நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. தொழிலாளியின் கடனை எழுதி, அதைத் தீர்ப்பவரிடம் மட்டுமே அவரை வேலைக்கு அனுப்பிய சீட்டுக்கும் துண்டு என்றுதான் பெயர். 1921இல் அந்த முறை ஒழிக்கப்பட்டது. பிரெஞ்சில் ஒன்று, தமிழில் ஒன்று, இரண்டும் வெட்டிய காகிதம். ஒன்று எங்கள் முன்னோரின் கடனைச் சுமந்தது, மற்றது அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் சோற்றைச் சுமந்தது.

நிறைவேறாத பெரிய வாக்குறுதி கொடுப்பதைப் பிரெஞ்சில் 'மலைகளையும் அதிசயங்களையும் வாக்களித்தல்' என்பார்கள். இத்தாலியர் கடல்களையும் மலைகளையும் வாக்களிப்பார்கள். ஜெர்மானியரும் ரஷ்யரும் பொன்மலைகளை. யார் யாரிடம் இருந்து வாங்கினார்கள் என்று அறுதியிட்டுச் சொல்ல இயலாது, ஏனென்றால் பொன்மலை வாக்குறுதி கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தெரன்ஸ் எழுதிய இலத்தீன் நாடகத்திலேயே வந்துவிடுகிறது. ஒத்த வழக்குகள் எல்லாவற்றையும் பிரெஞ்சின் கணக்கில் எழுதிவிடக் கூடாது என்பதற்கு இது போதும். பயணிகளிடம் இந்தத் தொடரைச் சொல்ல நேரும்போது, எங்கள் மக்களுக்கு மலை உண்மையாகவே வாக்களிக்கப்பட்டது என்று சொல்வேன். இலங்கை மலைநாடான கண்டிச் சீமைக்கு வந்தால் தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் (மாசிக் கருவாடு) கிடைக்கும் என்று, வேலைக்கு ஆள் சேர்த்த ஆள்கட்டிகள் ஆசை காட்டியதாக எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். வந்தவர்களுக்கு மலை கிடைத்தது. தேங்காயும் மாசியும் கிடைக்கவில்லை. தேங்காய்–மாசிக் கதை எங்கள் பேச்சில் மரபுத்தொடர் போலவே வழங்குகிறது. டிடரோவின் படிக்கட்டுக்கு அகராதிகளில் இடம் இருக்கிறது. இதற்கு எங்கே இடம் இருக்கிறது என்று தேடிப் பார்த்துச் சலித்த பிறகு, நானே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். சொன்னவர் யார், எந்த இடத்தில், எதற்காகச் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். இடம் தெரியாமல் எழுதிவைத்தால் அதுவும் ஒருநாள் தட்டு ஆகிவிடும் என்ற அச்சம் எனக்கு உண்டு.

கடந்த பருவத்தில் லியோன் நகரில் இருந்து வந்த, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரோடு சிவனொளிபாதமலை ஏறினேன். நல்லதண்ணிப் பக்கமாக இறங்கும்போது, பாதிப் படிகளைக் கடந்த இடத்தில் அவர் திடீரென்று நின்றார். முந்திய இரவு தொலைபேசியில் தம் அண்ணனோடு நடந்த வாக்குவாதத்தில் சொல்லியிருக்க வேண்டிய பதில் இப்போதுதான் வருகிறது என்று சொல்லி, காலடியில் இருந்த படியைக் காட்டினார். "எஸ்ப்ரி த லெஸ்காலியே" என்றார். புத்தகத்தில் பலமுறை வாசித்த தொடரைப் படியில் நின்று ஒருவர் சொல்லக் கேட்டது எனக்கு அதுவே முதல்முறை.

கீழே ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்து, ஆப்பீஸ் படிக்கட்டையும் அப்பாயியையும் அவருக்குச் சொன்னேன். அரைப்பேரைப் பிரெஞ்சில் 'தமி நோம்' என்று பெயர்த்தால் பாதிப் பெயர் மட்டுமே வருகிறது, பாதி ஆள் வரவில்லை என்பதையும் விளக்கினேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். அப்படியானால் பெயர்க்க வேண்டாம் என்று சொல்லி, பையில் இருந்து குறிப்பேட்டை எடுத்து என் பக்கம் தள்ளினார். தமிழெழுத்தில் 'அரைப்பேர்' என்று எழுதி, அடியில் பிரெஞ்சு எழுத்துகளில் ஒலியைக் குறித்துக் கொடுத்தேன். அவர் அதை விரலால் தொட்டுத் தொட்டு இரண்டு முறை வாசித்தார். பிறகு பேனையை வாங்கி, அதற்குக் கீழே மழையைப் பற்றி அப்பாயி கேட்ட கேள்வியைத் தம் மொழியில் முழுவதுமாக எழுதிக்கொண்டார்.